வெள்ளைக்கல் தோண்டிய ஓடையோர நிலம்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

சுரங்கம் தோண்டிய ஓடையோர நிலத்தைச் சீர்செய்வது பற்றிப் படிக்கக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நிலக்கரி வெட்டிய ஊர்களை மனதில் வைத்து எழுதியவை. அங்கே முதல் மருந்து சுண்ணாம்பு. அதற்குக் காரணம் இருக்கிறது. நிலக்கரியோடு பைரைட் என்கிற, இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் கிடக்கும். மண்ணுக்கடியில் இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. வெளியே கொட்டி, காற்றும் மழையும் பட்டால் கந்தக அமிலமாகக் கசிய ஆரம்பிக்கும். ஓடை புளித்துப்போகும், மீன் சாகும், கல்லின்மேல் ஆரஞ்சு நிறக் கசடு படியும். அந்த அமிலத்தை முறிக்கத்தான் சுண்ணாம்பு.

சேலத்தில் கதை தலைகீழ். இங்கே நிலக்கரி கிடையாது, தோண்டியது வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட். மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையத்துக்கே பேர் வைத்த ஊர் இது. செட்டிச்சாவடி, வெள்ளக்கல்பட்டி, குரும்பப்பட்டி பக்கம் போனவர்களுக்கு அந்த வெளுத்த மேடுகள் பழக்கமானவை. வெள்ளைக்கல் என்பது மெக்னீசியம் கார்பனேட். அது நரம்பு நரம்பாக ஓடுகிற டியூனைட் பாறையிலும் மெக்னீசியம்தான் நிறைய. நல்ல கல்லைப் பொறுக்கிக்கொண்டு மீதியைக் கொட்டிய கழிவுமேட்டில் இறங்கும் மழைநீர் கீழே வரும்போது அமிலமாக வராது, காரமாக வரும். அதில் போய்ச் சுண்ணாம்பைக் கொட்டுவது, ஏற்கெனவே உப்புக் கரிக்கும் குழம்பில் இன்னொரு கை உப்புப் போடுகிற வேலை. இங்கே வேண்டியது ஜிப்சம், கால்சியமும் கந்தகமும் சேர்ந்த உப்பு. அதையும் வடிகால் வெட்டிய பிறகுதான் போட வேண்டும்.

சேர்வராயன் அடிவாரத்தில் இறங்கும் ஓடைகள் ஒன்று திருமணிமுத்தாற்றில் சேரும், இல்லையென்றால் சரபங்காவில் சேரும். இரண்டும் கடைசியில் காவிரிக்குப் போகின்றன. அந்த ஓடைகளின் ஓரத்தில், மேட்டிலிருந்து கழிவு வந்து மூடிய நிலமோ, குழியை நிரப்பி விட்ட நிலமோ உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என்ன தொல்லை தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் முதல் தலைப்பை எல்லோரும் படித்துவிடுவது நல்லது, மற்ற எல்லாமே அதில் வந்து முட்டும்.

வேண்டிய சாமான்: கடப்பாரை, மண்வெட்டி, கொத்தனார் மட்டம் பார்க்கும் நீளமான டியூப், மூடியுள்ள கண்ணாடி பாட்டில் நாலு, பி.எச். தாள் (தண்ணீர் புளிப்பா காரமா என்று காட்டுவது; 7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) ஒரு கட்டு, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன். இவ்வளவுதான்.

அப்புறம், கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் வாங்கிக்கொள்ளுங்கள். ஓடைப் புறம்போக்கு எங்கே முடிகிறது, உங்கள் பட்டா எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஜேசிபியைக் கூப்பிடாதீர்கள். புறம்போக்கில் ஒரு கூடை மண்ணை அள்ளவும் அனுமதி வேண்டும். மேலே உள்ள சுரங்கத்தின் குத்தகை இன்னும் நடப்பில் இருந்தால், பாதி வேலை உங்களுடையதே அல்ல. மேல்மண்ணைத் தனியே எடுத்து வைப்பதும், கழிவு வெளியே அரித்து ஓடாமல் காப்பதும், சுரங்கம் மூடும் திட்டப்படி நிலத்தைச் சீர்செய்வதும் குத்தகைதாரர் பொறுப்பு. கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகள், 2017 அதைத் தெளிவாகவே சொல்கின்றன. மாவட்டக் கனிமவளத்துறை அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மழை விட்டு மூன்று நாளாகியும் வயலில் தண்ணீர் நிற்கிறது

இதற்கு நாலு காரணம் இருக்கலாம். நாலுக்கும் வைத்தியம் வேறு வேறு. பார்த்தவுடன் உளிக்கலப்பை, அதாவது மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறும் கலப்பை, ஓட்டுவதுதான் வழக்கம். பாதி இடங்களில் அது வீண் செலவு.

முதலில் தண்ணீர் வெளியேறும் வாயைப் பாருங்கள். நிலத்தின் தாழ்ந்த மூலையிலிருந்து ஓடைவரை நடந்தே போங்கள். பழைய வாய்க்கால் கழிவு விழுந்து மூடியிருக்கும், அல்லது டிப்பர் போக யாரோ பாதை போட்டபோது அரை அடிக் குழாயைப் பதித்துவிட்டுப் போயிருப்பார்கள், அதுவும் பாதி அடைத்திருக்கும். டியூபில் தண்ணீர் நிரப்பி வயலின் தாழ்ந்த இடத்துக்கும் ஓடைப் படுகைக்கும் மட்டம் பிடியுங்கள். ஓடை தாழ்வாக இருந்தால் வேலை சுலபம்: ஓடை முனையிலிருந்து தொடங்கி வயலை நோக்கி வெட்டிக்கொண்டு வாருங்கள், 100 அடிக்கு 3 அங்குலம் சரிவு போதும். வயல் முனையிலிருந்து வெட்டத் தொடங்கினால் நடுவில் மழை வந்து வெட்டிய பள்ளமே குளமாகிவிடும். ஓடைப் படுகை வயலைவிட மேடாக இருந்தால் விஷயம் வேறு. ஓடை கழிவால் தூர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை உங்கள் வயலுக்கு நேராக மட்டும் தோண்டிப் பயனில்லை, ஒரே வெள்ளத்தில் நிரம்பிவிடும். அடுத்த தலைப்பில் உள்ளபடி மேலிருந்து வரும் மண்ணை நிறுத்திவிட்டு, கீழே தண்ணீர் தாராளமாக ஓடும் இடத்திலிருந்து தூர் வார வேண்டும். அது நீர்வளத்துறையோ ஊராட்சியோ செய்கிற வேலை.

வாய் சரியாக இருந்தும் தண்ணீர் நிற்கிறது என்றால் மண் குடிக்கவில்லை. நிலம் ஓரளவு காய்ந்த பிறகு ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் முறை இறங்குவதைக் கணக்கில் எடுக்காதீர்கள், காய்ந்த மண் எதையும் குடிக்கும். இரண்டாம் முறை நிரப்பி ஒரு குச்சியில் கோடு போட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கால் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அடைப்பு மண்ணில்தான்.

இப்போது அந்தக் குழியின் சுவரைக் கத்தியால் மேலிருந்து கீழே குத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் ஆழத்தில் கத்தி சட்டென்று மறித்து, அதற்குக் கீழே மறுபடி இலகுவாக இறங்குகிறதா? அது டிப்பர் ஓடி இறுகிய தட்டு. பழைய பயிரின் வேர் அங்கே வந்து பக்கவாட்டில் திரும்பியிருப்பதும் தெரியும். இதற்குத்தான் உளிக்கலப்பை. சித்திரையில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, ஒன்றரை அடி ஆழம் இறங்குகிற மாதிரி முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்கில் ஓட்டச் சொல்லுங்கள். ஈரத்தில் ஓட்டினால் தட்டு உடையாது, கலப்பை போன வழி மட்டும் வழவழவென்று பூசினாற்போல் ஆகிவிடும். மழை பெய்த மறுநாளே டிராக்டர்காரர், "இப்ப ஓட்டுனா லேசா போயிருங்ணா" என்பார். லேசாகப் போகும், அவருக்கு.

கத்தி எங்கும் ஒரே மாதிரி இறங்குகிறது, தட்டே இல்லை, ஆனாலும் தண்ணீர் இறங்கவில்லை என்றால், வெள்ளைக்கல் பூமிக்கே உரிய காரணத்தைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கான சோதனை இது. வயல் மண்ணில் நன்றாகக் காய்ந்த, பட்டாணி அளவுள்ள கட்டி ஒன்றை எடுங்கள். கண்ணாடி டம்ளரில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி அதில் மெதுவாக நழுவ விடுங்கள். கலக்காதீர்கள், டம்ளரை அசைக்காதீர்கள். பத்து நிமிஷம் கழித்து ஒருமுறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள். கட்டி பொலபொலவென்று உதிர்ந்து கிடக்கிறது, தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்றால் மண்ணில் மக்கிய சத்து குறைவு, அவ்வளவுதான். தொழுவுரமும் பசுந்தாள் உரமும் போதும். கட்டியைச் சுற்றிப் பால் விட்டதுபோல ஒரு வளையம் கிளம்பி டம்ளரின் அடியில் படர்ந்தால், களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிகின்றன. மழை பெய்யும்போது இந்தத் துகள்தான் மண்ணின் துளைகளில் போய் அடைத்துக்கொள்கிறது. போர்வெல் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். கடினத் தண்ணீரில் உள்ள உப்பு துகள்களைப் பிரிய விடாது, மண் நல்ல மண் என்று உங்களை நம்பவைத்துவிடும்.

பால் வளையம் வந்தால் ஜிப்சம் போட வேண்டிய நிலம். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் போய் மண்ணைப் பிடித்திருக்கும் மெக்னீசியத்தையும் சோடியத்தையும் வெளியே தள்ளும்; தள்ளப்பட்டது கரையும் உப்பாக மாறித் தண்ணீரோடு இறங்கிப் போகும். போக வழி வேண்டும் என்பதால்தான் வடிகால் முதலில், ஜிப்சம் பிறகு. வடிகால் இல்லாத வயலில் போட்டால் அந்த உப்பு அங்கேயே தங்கி அடுத்த வெயிலில் மேலே வரும். எவ்வளவு போடுவது என்பதைப் பரிசோதனை அறிக்கைதான் சொல்ல வேண்டும். நிலக்கடலைக்கு ஹெக்டேருக்கு 400 கிலோ என்று வழக்கமாகச் சொல்கிறார்களே, அது காய் பிடிக்கப் போடுவது. நிலம் திருத்தும் அளவு அதைவிடப் பல மடங்கு.

பரிசோதனைக்குக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மண்வள அட்டையில் 12 விவரம் இருக்கும்: கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், அப்புறம் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். நம் நிலத்தில் தொல்லை கொடுக்கும் மெக்னீசியமும் அதில் இல்லை, அதைத் தள்ள வேண்டிய கால்சியமும் இல்லை. "பரிமாற்றக் கால்சியம், மெக்னீசியம், சோடியம் மூன்றும் பார்க்க வேண்டும், ஜிப்சம் தேவையும் கணக்கிட்டுத் தர வேண்டும்" என்று தனியாகக் கேளுங்கள். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள்.

நாலாவது காரணம், நிரப்பிய குழி உட்காருவது. குழியில் கழிவைக் கொட்டி மேலே மண் பரப்பிய நிலம் சில வருஷங்களுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். நிலத்தடியில் நிலக்கரி வெட்டிய இடங்களில் மேல்நிலம் அப்படியே தொங்கி இறங்கி, வயல் ஓடையைவிடத் தாழ்ந்துபோவது உண்டு. இங்கே திறந்தவெளிக் குழிகள்தான் என்பதால் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் இறங்கும் நிலத்தில் சிமெண்ட் வாய்க்கால் கட்டாதீர்கள், ஒரே மழைக்காலத்தில் விரிசல் விட்டு அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும். மண் வாய்க்காலாகவே வைத்து, வருஷா வருஷம் ஆடிக்கு முன்னால் மட்டம் பிடித்துச் சரிசெய்யுங்கள்.

ஓடைத் தண்ணீர் பால் மாதிரி வெளுத்து வருகிறது

மழை நாளில் ஒரு பாட்டில் பிடித்து ஜன்னலோரம் வையுங்கள். காலையில் தண்ணீர் தெளிந்து அடியில் ஓர் அங்குலம் கசடு நின்றால் வருவது கனமான மண். வண்டல் குழி எடுத்து அதைப் பிடிக்கலாம். குழியின் நீளம் அகலத்தைப்போல மூன்று பங்காவது இருக்க வேண்டும். தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து எதிர்முனையில் போக வேண்டும், பக்கத்திலேயே வெளியேறினால் எதுவும் படியாது. பாதி நிரம்பியதும் அள்ளிவிட வேண்டும். அள்ளியதைக் கரையிலேயே குவிப்பார்கள், அடுத்த மழை அதைத் திருப்பி உள்ளே தள்ளும். குழியை ஓடைக்குள் எடுக்கக் கூடாது, மேட்டிலிருந்து வரும் தண்ணீர் ஓடையில் சேரும் முன்னால் எடுக்க வேண்டும்.

இரண்டு நாளாகியும் பாட்டில் பாலாகவே இருந்தால் எவ்வளவு பெரிய குழி எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. இன்னொரு பாட்டிலில் அதே தண்ணீரைப் பிடித்து ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டுக் குலுக்கி வையுங்கள். அது சீக்கிரம் தெளிந்துவிட்டால், முன்னே சொன்ன பிரியும் களிதான் வந்துகொண்டிருக்கிறது. அது புறப்படும் இடத்திலேயே அதை நிறுத்தியாக வேண்டும். மழையில் ஒரு முறை மேட்டைச் சுற்றி நடந்தால் எந்தப் பள்ளத்திலிருந்து வெள்ளையாக இறங்குகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

மேட்டில் செய்ய வேண்டியது வரிசைப்படி இது. மேட்டின் தலையில் சேரும் மழைநீர் சரிவில் விழாதபடி உச்சியைச் சற்றே உள்சாய்வாக வைத்து, ஒரே இடத்தில், கல் பதித்த வாய்க்கால் வழியாக இறக்குங்கள். சரிவை ஓர் அடி உயரத்துக்கு இரண்டு அடி நீளமாவது வருகிற மாதிரி படுக்கவையுங்கள். டிப்பர் கொட்டிய சரிவு அப்படியே விட்டால் இதைவிட மிகச் செங்குத்தாக நிற்கும், அதில் எதுவும் முளைக்காது. அடியில் காய்ந்த கல் அடுக்கிய சுவர். அதற்கு வெளியே சுற்று வடிகால், அதன் முனையில் வண்டல் குழி. மேட்டின் மேல் ஜிப்சம் தூவி, மேல்மண்ணும் எருவும் கலந்து பரப்பி, கொழுக்கட்டைப் புல்லும் கொளுஞ்சியும் விதையுங்கள். வெட்டிவேரைச் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டக்கோட்டில் நடுங்கள். மேலிருந்து கீழாக நட்டால் அது தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

மண்ணை மேலிருந்து நிறுத்த வேண்டும், தண்ணீரைக் கீழிருந்து திறக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் தூர் வாரிய செலவு ஒரு புரட்டாசி மழையில் போய்விடும்.

ஓடையில் செந்நிறம், ஓரத்தில் ஆரஞ்சுக் கசடு

நிலக்கரிப் பகுதி பற்றிப் படித்தவர்கள் இதைப் பார்த்ததும் பதறுவார்கள். பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். 4 அல்லது 5 காட்டினால் பயப்பட வேண்டியதுதான். சேலத்து வெள்ளைக்கல் ஓடைகளில் 8-ஐ ஒட்டிக் காட்டுவதுதான் இயல்பு. ஏற்காட்டு மேல்மட்டத்தில் சார்னோகைட் என்கிற கருங்கல் பாறைமேல் லேட்டரைட் என்கிற செம்மண் மூடியிருக்கிறது. ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு பாக்சைட் என்கிற அலுமினியத் தாது வெட்டியது அந்த மூடியிலிருந்துதான். அதில் இரும்பு தாராளம். மழையில் சிவப்பாக ஓடினால் அது மண் நிறம். தேங்கிய இடத்தில் எண்ணெய்ப் படலம் மாதிரி மினுங்கி, குச்சியால் தொட்டால் ஓடு உடைவதுபோல் துண்டு துண்டாகப் பிரிந்தால் இரும்பை உண்ணும் பாக்டீரியாவின் வேலை. டீசலாக இருந்தால் பிரிந்து உடனே மறுபடி கூடிக்கொள்ளும். பாக்டீரியாவுக்கு வைத்தியம் வேண்டாம், தேக்கத்தை வடித்தால் போதும்.

மண்மேல் வெள்ளை பூக்கிறது

சுரண்டி ஒரு ஸ்பூன் எடுத்து டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். கரைந்து மறைந்தால் உப்பு. அடியில் நீர் தேங்கி, வெயிலில் மேலே ஏறி உப்பை விட்டுப் போகிறது. முதல் தலைப்புக்குப் போங்கள், வடிகால்தான் தீர்வு. கரையாமல் வெள்ளைப் பொடியாக அடியில் நின்றால் கல்தூள் அல்லது சூளைத்தூசி. வெள்ளைக்கல்லைச் சுடுகிற சூளையின் தூசி மழையில் நனைந்து காய்ந்தால் சிமெண்ட் பூச்சுபோல் ஓடு கட்டும், விதை முளைத்து மேலே வராது. அந்த ஓட்டைச் சுரண்டி அப்புறப்படுத்திவிட்டுத்தான் உழ வேண்டும். உழுது கலந்துவிட்டால் மொத்த மண்ணும் காரமாகும்.

பயிர் வருகிறது, ஆனால் காய் சரியில்லை

தக்காளியின் அடிப்பாகம் கறுத்துக் குழி விழுகிறதா? நிலக்கடலை பொக்குப் பொக்காக வருகிறதா? இரண்டும் கால்சியம் கிடைக்காத பயிரின் அடையாளம். மண்ணில் மெக்னீசியம் மிஞ்சியிருந்தால் வேர் கால்சியத்தை எடுக்கத் திணறும். சாம்பல் சத்துக்கும் அதே கதிதான், முதிர்ந்த இலையின் ஓரம் தீய்ந்துபோகும். உரக்கடையில் இலையைக் காட்டினால் பழக்கத்தில் மெக்னீசியம் சல்ஃபேட் அடிக்கச் சொல்லக்கூடும். வெள்ளைக்கல் மண்ணுக்கு அது வேண்டவே வேண்டாம்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு போதவில்லை. மண்ணில் இரும்பு இருக்கும், காரத்தில் அது கரையாது. அன்னபேதியை (இரும்பு சல்ஃபேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். மண்ணில் போட்டால் காரம் அதையும் பூட்டிவிடும்.

முதல் வருஷம் வருமானத்தை எதிர்பார்க்காமல் தக்கைப்பூண்டு விதைப்பது உத்தமம். ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாளில் பூ எடுக்கும்போது மடக்கி உழுதுவிட வேண்டும். காரத்தையும் தாங்கும், தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போடும் அவசரம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் தேக்கத்தை அது தாங்காது, மண்ணுக்குள்ளேயே அழுகும். இன்னொன்று, இந்தப் பாறையில் நிக்கலும் குரோமியமும் இயல்பாகவே அதிகம். கழிவு மூடிய நிலத்தில் கீரை போடுவதாக இருந்தால் மண்ணை அதற்கும் சோதித்த பிறகு போடுங்கள்.

ஓடை ஆழமாகிக்கொண்டே போகிறது, கரை இடிகிறது

வளைந்து போன ஓடையை நேராக்கி, ஆழமாக வெட்டி, இரண்டு பக்கமும் மண்ணை உயர்த்திவிட்டால் வெள்ளம் வயலுக்கு வராது என்று ஒரு நம்பிக்கை. நேராக்கிய ஓடையில் தண்ணீர் வேகமெடுக்கும், படுகையை அரிக்கும், கரையின் காலைப் பறிக்கும். ஓடை கீழே போகப்போக ஓரத்துக் கிணறுகளிலும் தண்ணீர் கீழே போகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் ஏற்காட்டில் கொட்டிய மழைக்கு மலைப்பாதையே சரிந்தது. அப்படி ஒரு மழைக்கு வெட்டிய வாய்க்கால் எதுவும் போதாது. ஓடைக்குப் பக்கத்தில் தண்ணீர் பரவ இடம் வேண்டும்.

படுகையில் உருள்கல் தடுப்புகள் வையுங்கள், மூன்று அடிக்கு மேல் உயரம் வேண்டாம். நடு தாழ்ந்தும் ஓரங்கள் உயர்ந்தும் இருக்க வேண்டும். கல்லைக் கரைக்குள் ஒன்றரை அடியாவது நுழைத்து வையுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போய்க் கரையைத் தின்னும். இடைவெளிக்குக் கணக்கு எளிது: கீழே உள்ள தடுப்பின் உச்சியும் அதற்கு மேலே உள்ள தடுப்பின் அடியும் ஒரே மட்டம். டியூபைப் பிடித்தால் அந்த இடம் தானாகத் தெரியும். பட்டா நிலத்தில் தாழ்ந்த ஒரு துண்டை, எந்தப் பயிரும் வைக்காமல், வெள்ளம் ஏறி இறங்க விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் கரையைத் தாழ்த்தி கல் பதித்தால் தண்ணீர் அலுங்காமல் ஏறும், வண்டலையும் விட்டுப் போகும். இடியும் வெளிவளைவில் சிமெண்ட் சுவரைவிட, சரிவைப் படுக்கவைத்து அடியில் பெரிய கல், மேலே நாணலும் நொச்சியும், அதற்கு மேல் புங்கமும் நீர்மருதும் நிற்பது பல வருஷம் தாங்கும்.

குழிக்கும் ஓடைக்கும் நடுவிலுள்ள கரையில் கசிவு

இதைத் தள்ளிப்போடாதீர்கள். கைவிட்ட குழி ஓடைக்குப் பக்கத்தில் இருந்து, நடுவில் ஒரு மண்கரை மட்டும் இருக்கிறது என்றால், வெள்ளத்தில் அது உடைந்தால் ஓடை முழுவதும் குழிக்குள் விழும். விழும் இடத்திலிருந்து படுகை மேல்நோக்கி அரித்துக்கொண்டே போகும்.

கசியும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் அடையாளக் குச்சி நட்டு, வாரம் ஒருமுறை கவனித்தால் போதும். கலங்கலாக வந்தால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது, உள்ளே குழாய்போலத் துளை உருவாகிக்கொண்டிருக்கிறது. டம்ளர் சோதனையில் பால் வளையம் விட்ட மண் என்றால் இது மிக வேகமாக நடக்கும். அந்தத் துளையைக் களிமண்ணோ சிமெண்டோ வைத்து அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் இன்னொரு வழி தேடும். அடைக்காமல் வடிகட்ட வேண்டும். கசியும் வாய்மேல் முதலில் ஒரு சாண் ஆற்றுமணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கனமான கல். தண்ணீர் வரும், மண் வராது. பிறகு தாசில்தார் அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள், நிரந்தர வேலை பொறியாளர் மேற்பார்வையில் நடக்கட்டும்.

குழியில் நிற்கும் தண்ணீரை மோட்டார் வைத்து ஓடையில் ஒரேயடியாக இறைக்காதீர்கள். குழியைச் சுற்றி வேலி கட்டாயம். ஓரம் செங்குத்தாக இருக்கும், உள்ளே விழுந்தவர் ஏறப் பிடிமானம் இருக்காது.

வைத்த கன்றுகள் பட்டுப்போகின்றன

ஒரு கன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் நட்ட குழியின் வடிவத்திலேயே சுருண்டிருந்தால், வெளிமண் அதை உள்ளே விடவில்லை. குழியை அகலமாக எடுத்து, வெளிமண்ணையும் கடப்பாரையால் உடைத்துவிட்டு, ஏரி வண்டலும் எருவும் நிரப்பி நடுங்கள். வண்டல் மண்ணை விவசாயத்துக்கு இலவசமாக எடுக்க அனுமதி உண்டு, தாசில்தார் அலுவலகத்தில் கேளுங்கள். வேம்பு, புங்கம், இலந்தை, உசிலை மேட்டில் வரும். சீமைக்கருவேல் சொல்லாமலே வந்துவிடும், சிறிதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள்.

கிணற்றுத் தண்ணீரின் ருசி மாறிவிட்டது

சோப்பு நுரைக்கவில்லை, பாத்திரத்தில் வெள்ளை படிகிறது என்பது கடினத்தன்மை. குடிக்கும் தண்ணீரில் மெக்னீசியம் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 100 வரை இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. குரோமியத்துக்கு எல்லை 0.05 மில்லிகிராம், அதில் சலுகை கிடையாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்டுச் சோதியுங்கள். ஒருமுறை ஆவணியில் மழை தொடங்கும்போது, இன்னொரு முறை பங்குனியில் கிணறு வற்றும்போது. காய்ச்சினால் குரோமியம் போகாது, தண்ணீர் சுண்டி இன்னும் கூடும். அறிக்கை எல்லையைத் தாண்டிக் காட்டினால் அந்தக் கிணற்றைப் பாசனத்தோடு நிறுத்திக்கொண்டு, குடிக்க ஊராட்சிக் குழாயைப் பிடியுங்கள்.